உலோகத் தூளுக்குள் ஹைட்ரஜன்

நேயர்களுக்கு வணக்கம்.

1 கிலோ ஹைட்ரஜனில் 33 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. ஆனால் 700 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அடைத்தாலும் ஒரு லிட்டருக்கு 40 கிராம்தான் பிடிக்கும். திரவமாக்கவோ மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். இன்னொரு வழி, உலோகத்துக்குள்ளேயே அதைப் புகுத்திவைப்பது.

லாந்தனம் என்ற உலோகமும் நிக்கலும் ஒன்றுக்கு ஐந்து அணு வீதம் சேர்ந்த கலவை, அறை வெப்பத்தில் இரண்டு மூன்று பாரிலேயே ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். கொள்வது எடையில் 1.4 சதவீதம்தான்; 1 கிலோ வாயுவுக்கு 70 கிலோ கலவைத் தூள். காருக்கு இது கட்டுப்படியாகாது. ஜெர்மனியின் 212 வகை நீர்மூழ்கிகளில் டைட்டானியம்–இரும்பு வகைக் கலவை இதே வேலையைச் செய்கிறது. அங்கே எடை ஒரு குறையல்ல, கப்பலுக்கு எப்படியும் பாரம் வேண்டுமே!

உண்மையான தலைவலி வெப்பம். 1 கிலோ ஹைட்ரஜன் ஏறும்போது சுமார் 15 மெகாஜூல் வெப்பம் வெளியாகும். தூளோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. 10 பாரில் வாயு ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். தூள் 70 டிகிரியை நெருங்கியதும் உறிஞ்சுவது நின்றுவிடும். அழுத்தமானியின் முள் 10 காட்டும், தூள் அடைத்த கலமோ நிறைந்திருக்காது. அதனால் முள்ளை நம்பாமல் எடை பாருங்கள்: 10 கிலோ தூளின் எடை 140 கிராம் கூடியிருக்க வேண்டும். உள்ளே அலுமினியத் தகடுகளும் தண்ணீர் ஓடும் குழாயும் வைப்பது இந்த வெப்பத்தை வெளியேற்றத்தான்.

வாயுவை எடுக்கும்போது கதை தலைகீழ். கலம் குளிர்ந்து, வரத்து குறையும். கல்யாணச் சமையலில் எரிவாயு மந்தமானால் உருளையை வெந்நீரில் வைப்பார்களே (செய்யக் கூடாத காரியம்), அதே சங்கதிதான். இங்கே, ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலத்திலிருந்து 60 டிகிரியில் வரும் கழிவு வெந்நீரைக் குழாயில் விட்டாலே போதும்.

ஹைட்ரஜன் ஏறினால் கலவை கால் பங்கு பருக்கும். ஏறி இறங்கி நொறுங்கி, மாவாகி, அடியில் படிந்து இறுகும். அடுத்த முறை பருக்க இடமில்லாமல் கலத்தின் சுவரையே புடைக்கவைக்கும். எனவே கலத்தில் தூளை முழுக்க நிரப்பாதீர்கள், கலத்தைப் படுக்கைவசமாக வையுங்கள், வாயிலில் சில மைக்ரான் துளையுள்ள உலோக வடிகட்டி பொருத்துங்கள்.

வாயு 99.999 சதவீதம் தூய்மையாக இருக்கட்டும். துளி கார்பன் மோனாக்சைடு போதும், தூளின் மேற்பரப்பை அடைத்துவிடும். சூடாக்கி, வெற்றிடமாக்கி, தூய ஹைட்ரஜனை நாலைந்து முறை ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் மீண்டுவிடும். அதற்காகக் கலத்தைத் திறந்து பார்க்காதீர்கள். ஹைட்ரஜன் ஏறி இறங்கிப் பழகிய தூள் காற்றுப் பட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும்.