பெட்டியைத் தின்ற ரப்பர் மீன்: தூண்டில் சாமானை எதில் வைப்பது, எப்படித் தூக்கிப் போவது?

[காட்சி: மேசை மேல் பழைய பெட்டி ஒன்று. மூடி திறக்கிறது.]

மக்களே, இந்தப் பெட்டியை நன்றாகப் பாருங்கள். மூன்றாவது அறையில் பச்சையாக ஒரு ரப்பர் மீன் கிடக்கிறதா? எடுக்கிறேன். வரவில்லை. கத்தி முனையால் நெம்புகிறேன். வால் மட்டும் கையோடு வந்தது. உடம்பு பெட்டியின் அடியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அது கிடந்த இடத்தைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கிறது. பக்கத்துத் தடுப்பு, உருகின கருப்பட்டி மாதிரி வளைந்து நிற்கிறது.

இது வெயிலில் இருந்த பெட்டி இல்லை. பீரோவுக்கு மேலே, நிழலில், ஆறு மாதம் சும்மா இருந்தது. ரப்பர் மீன் பெட்டியைத் தின்றுவிட்டது. எப்படி என்று இந்த வீடியோவில் சொல்கிறேன். இதே வேலை இப்போது உங்கள் வீட்டுப் பெட்டியிலும் நடந்துகொண்டிருக்கலாம், அதனால் தள்ளிவிடாமல் பாருங்கள்.

வணக்கம். தூண்டில் சாமானை எதில் போட்டு வைப்பது, எதில் தூக்கிக்கொண்டு போவது, இன்றைக்கு அதுதான் பேச்சு. எந்த ராடு (தூண்டில் கம்பு) வாங்கலாம், கயிறு சுற்ற எந்த ரீல் வாங்கலாம் என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். வாங்கினதை எங்கே வைப்பது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் நம்மில் பலருக்குப் பாதிச் செலவு மிச்சமாகியிருக்கும்.

[காட்சி: ரப்பர் மீனும் தண்ணீர்க் குழாய்த் துண்டும் பக்கத்தில் பக்கத்தில்.]

சரி, ரப்பர் மீனுக்கு வருவோம். ரப்பர் என்று சொல்கிறோமே தவிர, பெரும்பாலான சாஃப்ட் லூரில், அதாவது மீனை ஏமாற்றுகிற இந்த மெத்தென்ற போலி இரையில், ரப்பர் கிடையாது. அது பிவிசி. ஆமாம், வீட்டுக்குத் தண்ணீர் வருகிற அதே பிவிசி குழாயின் சரக்கு. குழாய் கல் மாதிரி இருக்கிறது, மீன் அல்வா மாதிரி இருக்கிறது, இரண்டும் எப்படி ஒரே சாதி? நடுவில் இருப்பது ஒரு எண்ணெய். பிளாஸ்டிசைசர் என்று பெயர். பிவிசியோடு அதை நிறையச் சேர்த்தால் இழைகளுக்கு நடுவே புகுந்து வழுக்கிவிடும், கெட்டி, கொழகொழப்பாகிவிடும். லூரின் வால் தண்ணீரில் அப்படி நெளிவது இந்த எண்ணெயால்தான்.

ஆனால் அந்த எண்ணெய் பிவிசியோடு இறுகக் கட்டுப்பட்டதல்ல. கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும். பக்கத்தில் தொட்டுக்கொண்டிருப்பது பாலிஸ்டைரீன் பெட்டியாக இருந்தால், கண்ணாடி மாதிரி பளபளக்கும், தட்டினால் டக்டக் என்று கேட்கும், கீழே விழுந்தால் உடையும் அந்த வகை, எண்ணெய் நேராக அதற்குள் புகுந்துவிடும். புகுந்த இடம் இளகிவிடும். நெருப்பே வேண்டாம். நீங்கள் தூங்குகிறீர்கள், மீன் வேலை செய்கிறது.

இப்போது ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். வீடியோவை நிறுத்துங்கள். உங்கள் பெட்டியைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். அம்புக்குறி முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரொப்பிலீன். பயமில்லை, இந்த எண்ணெய் அதை ஒன்றும் செய்யாது. 6 என்றால் பாலிஸ்டைரீன். அதில் தூண்டில் முள்ளும் ஈயக் குண்டும் வையுங்கள். ரப்பர் மீனை மட்டும் காட்டாதீர்கள். சமையலறையில் இருக்கும் டப்பாக்களையும் கவிழ்த்துப் பாருங்கள். நிறைய டப்பா 5 ஆகத்தான் இருக்கும். அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள், அது முக்கியம்.

இன்னும் இருக்கிறது. சிவப்பு மீனையும் வெள்ளை மீனையும் ஒன்றாகப் போட்டால் சாயம் ஏறி வெள்ளை மீன் ரோஸ் ஆகிவிடும். டிபிஇ என்று வேறொரு சரக்கில் செய்த லூர் உண்டு. நன்றாக இழுபடும், சீக்கிரம் கிழியாது. அதைப் பிவிசி மீனோடு ஒரே அறையில் வைத்தால் இரண்டும் உருகி ஒரே கட்டியாகிவிடும். பெயிண்ட் அடித்த கெட்டி லூரை ரப்பர் மீனோடு வைத்தால் பெயிண்ட் உரியும். இவ்வளவு தொல்லைக்கும் மருந்து, லூர் வந்த அதே கவர். பிரித்ததும் தூக்கி எறிகிறோமே, அந்தக் கவர்தான். அதை எறியாதீர்கள். கவரோடு அடுக்கி ஒரு ஜிப் பைக்குள் போடுங்கள், போதும்.

பெட்டி வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இழுத்தால் படிப்படியாக விரியும் பழைய டூல்பாக்ஸ் வகை, தட்டையான தடுப்புப் பெட்டி, பை, வாளி. அவ்வளவுதான். தட்டைப் பெட்டியில் 3600, 3700 என்று எண் போட்டிருப்பார்கள், அது அளவு. 3600 ஏறக்குறைய 11 அங்குல நீளம், 3700 ஏறக்குறைய 14. தோளில் மாட்டுகிற பைக்கு 3600 போதும். படிப்படியாக விரியும் பெரிய பெட்டி வேண்டாம் என்பது என் கட்சி. படகில் போகிறவர்களுக்கு அது சரி. கரையில் நின்று போடுகிற நமக்கு, ஒரு முள் எடுக்க மொத்தக் கடையையும் திறக்கிற மாதிரி ஆகிவிடும். அந்த நேரத்தில் ஒரு அலைச் சிதறல் வந்தால் மொத்தச் சரக்கும் உப்பு.

[காட்சி: துருப் பிடித்த முட்கள், மிக அருகில்.]

உப்பு என்றதும் இதைப் பாருங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடியில், பழையாறு கடலில் சேருகிற பொழியில், ஒரு ராத்திரி கொடுவா மீனுக்காக நின்றோம். மழை தூறியது. கிளம்பும்போது நனைந்த லூரை அப்படியே பெட்டியில் போட்டு டக்கென்று மூடினேன். நல்ல பெட்டி, சுற்றிலும் ரப்பர் வளையம் வைத்த வாட்டர்புரூஃப் பெட்டி. இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் இதுதான் காட்சி. ஒரு லூர்தான் நனைந்திருந்தது. ஆனால் பெட்டியில் இருந்த முள் அத்தனையும் போயிற்று.

காரணம் எளிது. தண்ணீர் உள்ளே வராத பெட்டியிலிருந்து தண்ணீர் வெளியேயும் போகாது. அதோடு உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுக்களை உப்புப் பாத்திரம் நீர்விட்டு நிற்கிறதே, அதே கதைதான். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே இழுக்கும். ஆக, ‘துடைத்துவிட்டேன், காய்ந்துவிட்டது’ என்று நாம் நினைக்கிற லூர், உப்போடு காய்ந்திருந்தால் ராத்திரி மறுபடியும் நனைந்துகொள்ளும். துணியால் துடைத்தால் போதாது. நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

அந்த முட்களை நான் தரையில் கொட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கடலுக்குப் போகிற மாமா ஒருவர் வந்தார். பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். “மக்கா, நனஞ்சா ஒண்ணும் இல்ல. நனஞ்சத பூட்டி வெச்ச பாத்தியா, அதான் கெடுத்துது” என்றார். பிறகு அவர் வீட்டில் மூலையில் கிடந்த பனையோலைக் கடவத்தைக் காட்டினார். மீன் விற்கிற பெண்கள் தலையில் சுமந்துபோன அதே கடவம்.

எனக்கு இந்த ஒப்பீடு ரொம்பப் பிடித்திருக்கிறது, கொஞ்சம் நின்று பேசிவிடுகிறேன். கடவத்தில் சாளையைக் கொட்டினால் தண்ணீர் பின்னலின் இடைவெளி வழியே வடிந்துவிடும். கழுவிக் கவிழ்த்தால் நாலு பக்கமும் காற்று போகும். ஓலை ஈரத்தைப் பிடித்தாலும் வெயில் பட்டதும் விட்டுவிடும். எத்தனை நாள் எத்தனை மீன் நனைத்தாலும் அதற்குள் ஈரம் குடியிருக்காது. பனை நம் மாநில மரம். நம் மாவட்டத்து ஆட்களுக்கு அதில் பெட்டி முடையச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்காக முட்களைக் கடவத்தில் போடச் சொல்லவில்லை, பின்னலில் மாட்டிக்கொள்ளும். எடுத்துக்கொள்ள வேண்டியது வேலைப் பிரிவு: வடிகிற ஒன்று, மூடுகிற ஒன்று. கடற்கரையில் நனைந்ததெல்லாம் வடிகிற பாத்திரத்துக்குப் போக வேண்டும். நான் ஓட்டை போட்ட ஒரு சின்ன டப்பா வைத்திருக்கிறேன். பயன்படுத்தின லூர் அதற்குள்தான். வீட்டுக்கு வந்ததும் டப்பாவோடு குழாயடியில் காட்டி, நிழலில் ஒரு நாள் காயவிட்டு, அப்புறம்தான் அது வாட்டர்புரூஃப் பெட்டிக்குள் திரும்பிப் போகும்.

‘சிலிகா ஜெல் போட்டால் போதாதா?’ என்று கேட்பீர்கள். கணக்குப் பார்ப்போம். சிலிகா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீரைப் பிடிக்கும். செருப்புப் பெட்டியில் வருகிற 5 கிராம் பொட்டலம் இரண்டு கிராம் தண்ணீருக்குள் மூச்சுமுட்டிவிடும். ஒரு டீஸ்பூன் தண்ணீரே 5 கிராம். நனைந்த லூரோடு போட்டால் தோற்றுவிடும். காய்ந்த பெட்டியில் போட்டால் நன்றாகக் காவல் காக்கும்.

ரீலைக் கழுவும்போது ஹோஸை வேகமாகப் பீய்ச்சாதீர்கள். வெளியே இருக்கிற உப்பு உள்ளே போய்விடும். மெல்லத் தூவினால் போதும். தங்கூசியை, அதாவது நைலான் தூண்டில் கயிற்றை, வெயிலில் வைக்காதீர்கள், நைலான் வெயிலில் வலு இழக்கும். ஈயத்தைத் தொட்ட கையோடு தின்பண்டம் எடுக்காதீர்கள். ஈயத்துக்குத் தனி டப்பா, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில்.

[காட்சி: தூத்தூர்ப் பக்கம் ஒரு விசைப்படகு.]

நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை இருக்கிற தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் சுறா பிடிப்பதற்குப் பேர்போனவர்கள். நீண்ட கயிற்றில் வரிசையாக முட்கள் தொங்கும் தூண்டில் அவர்களுடையது. அதை எப்படி வைக்கிறார்கள் பாருங்கள். கயிறு தொட்டிக்குள் வளையம் வளையமாக இறங்கும்; முள் ஒவ்வொன்றும் வரிசை தப்பாமல் விளிம்பில் ஏறும். கடலில் விடும்போது அதே வரிசையில் சிக்கில்லாமல் இறங்கும். நாலைந்து முள்ளைச் சிக்காக்கிவிட்டு அரை மணி நேரம் குனிந்து உட்கார்ந்திருக்கிற நமக்கு அந்தத் தொட்டி ஒரு பாடசாலை. நீங்களும் வீட்டிலேயே முள் கட்டி, தேய்ந்த ரப்பர் செருப்பை வெட்டி அதில் சுற்றி வைக்கலாம். ஒன்று மட்டும்: கடல் தண்ணீர் பட்ட முள்ளை அதில் குத்தி வைக்காதீர்கள். குத்தின ஓட்டைக்குள் ஈரம் தங்கி, முனைதான் முதலில் துருப்பிடிக்கும்.

இனி தூக்கிப் போவது. எங்கே நிற்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் மாதிரி மணல் தரை, பொழிக்கரை என்றால் 20 லிட்டர் பெயிண்ட் வாளியை அடிக்க ஆளில்லை. சாமான், மீன், உட்கார இடம், மூன்றும் அதுவே.

முட்டம் பாறைக்கு வாளி கொண்டுபோகவே கூடாது. அங்கே இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். தோளில் குறுக்கே மாட்டும் சின்னப் பை, ஒரே அமுக்கில் கழலுகிற கொக்கி வைத்தது, அதுவே சரி. தண்ணீரில் விழுந்தால் பையைக் கழற்றி விட்டுவிட முடிய வேண்டும். காற்றில்லாத, அமைதியான நாளில்கூட திடீரென்று பெரிய அலை ஏறி வருகிற கள்ளக்கடல் நம் கரைக்குப் புதிதில்லை. எச்சரிக்கை வந்த நாளில் பையை வீட்டிலேயே வையுங்கள். பாறையில் வைத்த பெட்டியைப் பிடிக்க யாரும் குதிக்கவும் வேண்டாம்.

தூண்டில் வளைவு! கடலரிப்புக்காகக் கல் கொட்டி நீட்டுகிற சுவருக்கு நம் ஊரில் வைத்த பெயரே தூண்டில் வளைவு. முள் மாதிரி வளைந்திருப்பதால். எவ்வளவு அழகான பெயர். அதன்மேல் நிற்கும்போது சின்னச் சாமானைக் கல் மேல் பரப்பாதீர்கள். இடுக்கில் விழுந்த ஸ்விவலை (கயிறு முறுக்காமல் சுழலும் சின்ன இணைப்பு வளையம்) யாராலும் எடுக்க முடியாது. பெட்டியைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலே, மடியில் வைத்துத் திறக்கிற பை வேண்டும்.

கடைசியாக ராடு. பைக் இருப்பவர்களுக்குக் கவலையில்லை. நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறுகிறவர்களுக்கு அதுதான் பெரிய கவலை. எட்டடி ராடு இரண்டாகக் கழன்றால் நாலடி. இரண்டரை அங்குல பிவிசி குழாய் ஒன்றை நாலேகால் அடிக்கு வெட்டி, ஒரு பக்கம் மூடியை ஒட்டி, மறுபக்கம் திருகு மூடி போடுங்கள். அடியில் கொஞ்சம் ஸ்பாஞ்ச். பக்கத்தில் நாலைந்து சின்ன ஓட்டை, ஈரம் போக. நுனி வளையம் உடையாது, கூட்டத்தில் யார் கண்ணிலும் குத்தாது. லூரை ராடில் மாட்டினபடி பஸ்ஸில் ஏறவே ஏறாதீர்கள். மூன்று முனை முள் பக்கத்தில் நிற்கிறவர் சேலையில் மாட்டினால் அன்றைய பொழுது போச்சு. நான் முதல்முறை இந்தக் குழாயோடு ஏறினபோது கண்டக்டர், “தம்பி, எந்த வீட்டுல பிளம்பிங் வேலை?” என்று கேட்டார். மூடியைத் திறந்து காட்டினேன். குளச்சல் வருகிற வரைக்கும் அவர் சின்ன வயதில் பிடித்த பாறை மீன் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

சரி மக்களே, பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தீர்களா? 5 ஆ, 6 ஆ? கமெண்டில் போடுங்கள். 6 என்று இருந்து, உள்ளே ரப்பர் மீனும் இருந்தால், கமெண்ட் அப்புறம்; முதலில் மீனை வெளியே எடுங்கள்.