அங்கன்வாடி போனில் உங்கள் பிள்ளையின் கணக்கு

வணக்கம் மக்களே! அங்கன்வாடி டீச்சர் கையில் ஒரு போன் இருக்குமே, அதில் போஷன் டிராக்கர் என்று ஒரு ஆப் இருக்கிறது, இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மத்திய அரசு 2021 மார்ச்சில் கொண்டுவந்தது. கர்ப்பிணிகள், பாலூட்டும் அம்மாக்கள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் எல்லாருடைய விவரமும் அதில் ஏறுகிறது. நம்மில் பலர் சத்துமாவு பாக்கெட்டை வாங்கியதும் கிளம்பிவிடுகிறோம். கொஞ்சம் நின்று, "டீச்சர், என் பிள்ளைக்கு இந்த மாதம் என்ன காட்டுகிறது?" என்று கேளுங்கள்.

எடையையும் உயரத்தையும் போட்டதும், உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவுகளோடு ஒப்பிட்டு, வயதுக்கேற்ற எடை, வயதுக்கேற்ற உயரம், உயரத்துக்கேற்ற எடை என்று மூன்றையும் தனித்தனியாகக் காட்டும். நான் முதலில் பார்க்கச் சொல்வது மூன்றாவதைத்தான். உயரம் குறைந்திருந்தால் பெரும்பாலும் ரொம்ப நாளாகவே சத்து பற்றவில்லை என்று அர்த்தம். உயரத்துக்கேற்ற எடை குறைவது அப்படியில்லை, காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து பிள்ளை சில வாரத்தில் வாடிப்போனாலும் குறையும், ஆறட்டும் பார்க்கலாம் என்று விடாமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

சரி, இதெல்லாம் அளவு சரியாக இருந்தால்தான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பலகையில் படுக்கவைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிற்கவைத்து. இரண்டுக்கும் சராசரியாக 0.7 செ.மீ. வித்தியாசம் வரும், அந்த வயதில் அது சின்ன விஷயமே இல்லை. படுக்கவைக்கும்போது பிள்ளையின் தலை பலகையில் ஒட்டியிருக்கும்படி நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், டீச்சர் முட்டியை மெதுவாக அழுத்திப் பாதத்தோடு அடிப்பலகையை நகர்த்துவார். உச்சிக்குடுமியை அவிழ்த்துவிடுங்கள், எடை போடும் முன் ஈர டயப்பரைக் கழற்றிவிடுங்கள். சமையல், பாடம், பதிவு எல்லாவற்றையும் பார்க்கிற டீச்சருக்கு நாம் ஒரு கை கொடுத்தால் எவ்வளவு உதவி தெரியுமா!

அப்புறம், ஆப்பில் பச்சை நிறம், அதாவது அளவு சரி என்று காட்டுகிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். போன மாத எடையையும் கேளுங்கள். பச்சைக்குள்ளேயே இருந்தும் இரண்டு மூன்று மாதமாக எடை நகரவே இல்லை என்றால், அந்த எண்களைக் குறித்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் ஊர் அங்கன்வாடியில் படுக்கவைத்து அளக்கும் பலகை இருக்கிறதா? கமெண்டில் சொல்லுங்கள், இல்லாத இடங்களில் யாரிடம் கேட்பது என்று அடுத்த வீடியோவில் பேசுகிறேன்.