கொடியேற்றத்துக்கும் தேருக்கும் இடையில்

வணக்கம். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புளுக்கொடியலைக் கடித்து எவ்வளவு காலம் என்று போன கிழமை ஒரு அம்மாவிடம் கேட்டேன். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு போய் எட்டு வருடமாம். "மற்றப் பக்கத்தால சமாளிக்கிறன் டொக்டர்" என்றார்.

சமாளிக்கலாம்தான். ஆனால் அந்த இடத்து எலும்பு சும்மா இருப்பதில்லை. பல்லைத் தாங்கும் வேலை போனதும் அது கரையத் தொடங்கும். முதல் வருடத்தில்தான் அதிகம் கரையும். மேலே இருக்கும் பல் வெற்றிடத்தை நோக்கி இறங்கிவிடும். கழற்றி மாட்டும் கட்டுப்பல் இதை நிறுத்தாது. நன்றாகப் பொருந்திய கட்டுப்பல் சில வருடத்தில் ஆடுவது அதனால்தான்.

இன்னொரு வழி இம்பிளாண்ட். அது பல்லின் வேருக்குப் பதில் வைக்கும் டைட்டானியத் திருகாணி. எலும்பு அதை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். இதைச் சுவீடன் மருத்துவர் பிரோனமார்க் 1950களில் தற்செயலாகக் கண்டார். முயலின் கால் எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவியைக் கழற்றப் போனார், அது வரவே இல்லை! 1965இல் மனிதத் தாடையில் பொருத்தினார்.

இந்தப் பிடிப்புக்குப் பொதுவாக 3 முதல் 6 மாதம் வேண்டும். மேல்தாடை எலும்பு மென்மையானது, அங்கே கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அப்புறம்தான் மேலே பல். வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் நம் சொந்தங்களோ, நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வந்து சில கிழமையில் வரும் தேருக்கு முன் பல் கட்டித் தரச் சொல்கிறார்கள். சிலருக்கு உடனே தற்காலிகப் பல் வைக்கலாம், எலும்பு இடம்கொடுத்தால். எல்லாருக்கும் அல்ல.

சுருட்டுப் பிடிப்பவர்களுக்கும் சலரோகம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் திருகாணி பிடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். அதை மறைக்காமல் சொல்லுங்கள், நாங்கள் ஏசமாட்டோம். சரி, கொஞ்சம் ஏசுவோம். திருகாணி சூத்தையாகாது என்று துலக்காமல் விடவும் கூடாது. சுற்றியுள்ள பல்முரசு பழுதானால் எலும்பும் போகும்.

அந்த அம்மாவின் எக்ஸ்றேயில் எலும்பின் உயரம் குறைவாகத் தெரிந்தது. கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. அதில் முட்டினால் உதடு விறைத்துப் போகலாம். ஸ்கான் எடுத்துவரச் சொன்னேன். போதாவிட்டால் எலும்பு நிரப்பி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

"அப்ப வாற தைக்குப் பனங்கிழங்கு?" என்று கேட்டார்.

அதற்கடுத்த தைக்குப் பார்ப்போம் என்றேன்.