மோர் கேட்டால் கஞ்சி வருகிறது

(சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் மூத்தோர் பராமரிப்பு பற்றி ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, அடித்தளத் தலைவர்களே, ஆலய நிர்வாகக் குழுவினரே, காலையிலிருந்து வடை சுட்டுக்கொண்டிருக்கும் மகளிர் பிரிவினரே, வணக்கம். எனக்கு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் சொல்லித்தந்த ஆசிரியர் ஐயாவும் வந்திருக்கிறார். பிழை இருந்தால் ஐயா தனியாகக் கூப்பிட்டுச் சொல்லட்டும், இங்கே வேண்டாம்.

'மூத்தோர் சொல்லும் முதுநெல்லியும் முன்னே கசக்கும், பின்னே இனிக்கும்.' எந்த மேடை ஏறினாலும் இதையே சொல்கிறேன் என்று என் மனைவிக்கு அலுப்பு. இன்றும் சொல்வேன்.

மூன்று விஷயம் பேச வந்தேன்: வீடு, பணம், மொழி.

முதலில் வீடு. அம்மா அப்பாவுக்கு முடியவில்லை என்றதும் நம்மவர்களுக்கு இரண்டுதான் தெரியும்: பணிப்பெண், இல்லாவிட்டால் தாதிமை இல்லம். நடுவிலும் வழி உண்டு. இருக்கிற வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலேயே இருக்க நினைத்தால், 'ஈஸ்' திட்டத்தில் கழிவறைக்குக் கைப்பிடி, வழுக்காத தரை எல்லாம் சலுகை விலையில் போட்டுத்தருகிறார்கள். புக்கிட் பாத்தோக்கில் 2021ல் சமூகப் பராமரிப்பு வீடுகள் விற்பனைக்கு வந்தன. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. 15 முதல் 35 ஆண்டு வரை குத்தகை. அவசரத்துக்கு 24 மணி நேர உதவியும் சேர்த்தே. கம்போங் அட்மிரல்டிக்குப் போய்ப் பாருங்கள். மூத்தோருக்கான 104 வீடுகள், அதே வளாகத்தில் உணவங்காடி, மருத்துவ நிலையம், பாலர் பள்ளி. எதற்கு யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பைக் கேளுங்கள்.

இனி ஒரு கதை. எங்கள் பெரியம்மா துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர். சந்தையில் பசார் மலாயில், அதாவது கடைத்தெருப் பேச்சு மலாயில், பேரம் பேசினால் மீன்காரர் கையெடுத்துக் கும்பிடுவார். முதுமை மறதி வந்ததும் மலாய்தான் முதலில் போனது. தமிழ் மட்டும் தங்கிவிட்டது. ஒரு தாதிமை இல்லத்தில் சேர்த்தோம், பெயர் வேண்டாம். இரண்டு வாரம் கழித்துப் போனால் தாதிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உங்கள் ஆன்ட்டிக்கு நல்ல பசி! தினமும் இன்னும் இன்னும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்" என்றார். எனக்கு ஆச்சரியம். பெரியம்மா கோழிக்குஞ்சு அளவுதான் சாப்பிடுவார். உள்ளே போனேன். கட்டிலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏண்டா, இந்த ஊர்ல மோருக்குப் பஞ்சமா? நான் மோர் மோர்னு கத்துறேன், இவளுக கஞ்சியா ஊத்துறாளுக!" என்றார்.

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். மோர் என்றால் ஆங்கிலத்தில் 'இன்னும்' ஆயிற்றே! அந்தத் தாதி மியன்மாரிலிருந்து வந்த நல்ல பெண். அவர் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கையோடு ஓர் அட்டையில் மோர், வலி, குளிருது, ஒண்ணுக்கு என்று எழுதி, உச்சரிப்பும் பொருளும் போட்டுத் தலைமாட்டில் ஒட்டினேன். அடுத்த வாரம் அந்தப் பெண் "பெரியம்மா, வலி?" என்று கேட்டார். பெரியம்மா அழுதுவிட்டார். முழங்கால் வலி அவருக்கு எத்தனை நாளாகவோ இருந்திருக்கிறது.

மூத்தோர் சொல் முன்னே கசக்கட்டும், பின்னே இனிக்கட்டும். முதலில் அது யாருக்காவது புரிய வேண்டாமா?

பணம் பற்றிச் சொல்ல வேண்டும். 2020ல் தொடங்கிய கேர்ஷீல்டு லைஃப் என்ற நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. குளிப்பது, உடுத்துவது, உண்பது போன்ற ஆறு அன்றாடச் செயல்களில் மூன்றைத் தானாகச் செய்ய முடியாதவருக்கு மாதாமாதம் பணம் வரும். அப்புறம்... சரி, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வெளியே துண்டுப் பிரசுரம் வைத்திருக்கிறோம்.

பெற்றோருக்குப் பணம் தராத பிள்ளைகளைக் கேட்க 1995லேயே சட்டம் போட்ட ஊர் இது. பேசாத பிள்ளைகளைக் கேட்க எந்தச் சட்டமும் கிடையாது. தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழி. அறிவிப்புப் பலகையில் நான்காவது வரியாகத் தமிழ் இருந்தால் நமக்குப் பெருமை. தாதிமை இல்லத்துக் கட்டிலருகே அது இருக்கிறதா? மாண்புமிகு உறுப்பினர் அவர்களே, தமிழ் மூத்தோர் இருக்கும் ஒவ்வோர் இல்லத்திலும் அந்த அட்டையை ஒட்ட உங்கள் ஆதரவு வேண்டும். மற்றவர்களிடம் கேட்பது சனிக்கிழமை இரண்டு மணி நேரம். போய் உட்கார்ந்து தமிழில் பேசினால் போதும். பழைய கதையையே பத்துத் தடவை சொல்வார்கள். மூத்தோர் சொல்லும் முதுநெல்லியும் என்று... சரி, விடுகிறேன்.

பின்னால் தேநீர் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. முதலில் அதில் பெயர் எழுதுங்கள், அப்புறம் வடை. மகளிர் பிரிவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.