கணுக்கால் ஆறும் முன்பே முடிந்துவிடும் லீக்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கடலூர் நகர அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். இந்திய மகளிர் கால்பந்து லீக்கை ஒரே நகரில் சில வாரங்களுக்குள் நடத்தி முடிப்பது நல்லதா, ஒவ்வோர் அணியும் தன் மைதானத்திலும் மற்ற அணிகளின் மைதானங்களிலுமாக மாதக்கணக்கில் ஆடுவது நல்லதா என்பது இன்றைய தலைப்பு. மாதக்கணக்கில் ஆட வேண்டும் என்று வாதாட நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், 2022-23 பருவத்தில் அகமதாபாத்தில் 16 அணிகள் ஆடியதையும், ஊர் ஊராக ஆடும் முறை வந்த 2023-24இல் 7 அணிகளே ஆடியதையும் எடுத்துக்காட்டி, நீண்ட பருவம் வாய்ப்பைக் குறுக்கிவிட்டது என்றார். அவர் சொன்ன எண்ணிக்கை சரியானது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த 16 அணிகளுக்குக் கிடைத்தது என்ன என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். ஏப்ரல் 26ஆம் நாள் தொடங்கிய அந்தப் பருவம் மே 21ஆம் நாள் முடிந்துவிட்டது. குஜராத்தின் கோடை வெயிலில் எட்டெட்டு அணிகளாக இரு பிரிவுகளில் ஆடி, அவற்றுள் பாதி அணிகள் தலைக்கு 7 ஆட்டங்களோடு ஊர் திரும்பின. ஓர் ஆண்டு முழுவதும் விடியற்காலையில் எழுந்து ஓடிய பெண்ணுக்கு அந்த ஏழு ஆட்டங்கள்தான் தேசிய லீக்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கில் மாலை வேளைகளில் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். அவர்களில் ஒருத்தி, பக்கவாட்டில் தடுத்தாடுபவள், இப்படி ஒரு குறுகிய பருவத்தில் ஓர் அணிக்காக ஆடச் சென்றாள். இரண்டாம் ஆட்டத்தில் பந்தை வெட்டித் திரும்பும்போது கணுக்கால் மடங்கியது. எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குதான்; மூன்று வாரம் ஓய்வு எடுத்தால் ஆறிவிடும் என்றார் மருத்துவர். ஆனால் மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அவளுக்கு ஆடுவதற்கு லீக்கே மிச்சமில்லை. காலில் பட்டைத்துணி சுற்றியபடி ரயிலிறங்கி வந்தவள், புல் கறைகூடச் சரியாகப் படியாத பூட்ஸை என்னிடம் காட்டினாள். புதிதாக வாங்கியது, வாங்கிய கடன் அப்போது அடைந்திருக்கவில்லை. நடுவர் அவர்களே, அதே காயம் மூன்று மாதப் பருவத்தில் பட்டிருந்தால் அவள் மூன்று நான்கு ஆட்டங்களை மட்டுமே இழந்து, மீண்டும் களமிறங்கியிருப்பாள்.

அடுத்து ஊதியம். லீக்கில் ஆடும் இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3.2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றும், ஒவ்வோர் அணியும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளை ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்றும் அகில இந்தியக் கால்பந்து கூட்டமைப்பு 2023இல் அறிவித்தது. நான்கு வாரமே ஆடும் வீராங்கனைக்கு எந்த உரிமையாளர் ஆண்டுச் சம்பளத்தை மனமுவந்து தருவார்? ஆட்டம் நீண்டால்தான் ஒப்பந்தம் நீளும். ஒப்பந்தம் நீண்டால்தான், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் தந்தையிடம் இன்னும் ஓராண்டு பொறுங்கள் என்று என்னைப் போன்றவர்கள் போய்ச் சொல்ல முடியும். அப்படிப் பல வீட்டுத் திண்ணைகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆட்டத்தின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024-25 பருவம் ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் வரை நடந்தது. 8 அணிகள், அணிக்கு 14 ஆட்டங்கள், ஈஸ்ட் பெங்கால் வாகை சூடியது. அந்தப் பருவத்தில் கோகுலம் கேரளாவின் உகாண்டா வீராங்கனை ஃபாசிலா இக்வாபுட் 24 கோல்கள் அடித்தார். அப்படிப்பட்டவரிடம் முதல் சுற்றில் ஏமாந்த தடுப்பாட்டக்காரி, சில வாரம் கழித்து அவரையே மறுபடியும் எதிர்கொள்கிறாள். எங்கே இடம் விட்டோம், எந்தக் காலில் திரும்ப விட்டோம் என்று யோசிக்கவும் திருத்திக்கொள்ளவும் அவளுக்கு அவகாசம் கிடைக்கிறது. ஒரே ஊரில் ஒருமுறை மட்டும் மோதும் பருவத்தில் தோற்றவள் தோற்றவளாகவே வீடு திரும்புகிறாள்.

இந்த மண்ணுக்கு இதில் தனி உரிமை உண்டு. இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் கடலூரில் பிறந்தவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் இருக்கும் அவர், கொரோனா ஊரடங்கின்போது சென்னையில் சாலையில் நின்று பணி செய்தார். 2017-18 லீக்கின் இறுதிச் சுற்று ஷில்லாங்கில் நடந்தபோது, நம் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழக அணி அங்கே ஆடியது. 2019 மே மாதத்தில் மதுரையின் சேது அணி இறுதியாட்டத்தில் மணிப்பூர் காவல்துறையை 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. ஆனால் அது நடந்தது லூதியானாவில். தமிழ்நாட்டு அணியொன்று நாட்டிலேயே முதலிடம் பிடித்த அந்த மாலையை மதுரைக்காரர்கள் கைபேசித் திரையில்தான் பார்த்தார்கள்.

செலவு கூடும் என்கிறார் எதிரணித் தலைவர். கூடத்தான் செய்யும், பயணம், தங்குமிடம், மைதான வாடகை எல்லாம் உண்டு. ஆனால் ஒரே ஊரில் நடத்தும்போது உள்ளூர்க் கடைக்காரரும் வங்கியும் விளம்பரம் தர எதை நம்பித் தருவார்கள்? தங்கள் ஊரில் ஓர் ஆட்டம்கூட நடக்காத அணிக்கு ஜெர்சியில் பெயர் போட யார் முன்வருவார்? அணிகளின் எண்ணிக்கை குறைந்ததற்கு மருந்து இரண்டாம் நிலை லீக்கை வலுப்படுத்தி அங்கிருந்து மேலே ஏற்றுவது. அந்த லீக் இப்போது நடக்கவும் செய்கிறது. பருவத்தை மறுபடியும் நான்கு வாரமாகச் சுருக்குவது அதற்கு மருந்தாகாது.

நான் சொன்ன அந்தப் பெண்ணின் தாய் தேவனாம்பட்டினத்தில் மீன் விற்பவர். மகள் ஆடி ஒருநாளும் அவர் நேரில் பார்த்ததில்லை. அவர் வீட்டிலிருந்து அண்ணா விளையாட்டரங்கம் பேருந்தில் சிறிது நேரத் தொலைவுதான். கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு மாலை அவர் அங்கே வந்து உட்காரும்படியான பருவத்துக்குத் தீர்ப்புத் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.