லயத்துச் சேவல்

அன்பு நேயர்களுக்கு வணக்கம். தீபாவளி முறுக்கு இன்னும் டின்னில் இருக்கும், அதற்குள் சஷ்டி விரதம் தொடங்கிவிட்டது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆறு நாளைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

தேவாசுரப் போர் என்றால் விருத்திரன், மகிஷன், இரணியன் என்று கதைகள் நீண்டுகொண்டே போகும். என் மனத்தில் சிறுவயதிலிருந்து உட்கார்ந்திருப்பவன் சூரபத்மன். கச்சியப்ப சிவாச்சாரியார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் கந்தபுராணமாகப் பாடியது இவன் கதையைத்தான். ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்: தேவருக்கும் அசுரருக்கும் தகப்பன் ஒருவரே, காசிப முனிவர். பங்காளிச் சண்டை இது.

1008 அண்டங்களை 108 யுகம் ஆள சிவனிடம் வரம் வாங்கினான் சூரன். வாங்கிய கையோடு தேவர்களை ஏவலுக்கு வைத்தான், கடல் மீனைச் சுமந்து வரச் சொன்னான். இந்த இடம் வந்தால் எங்கள் பாட்டி கதையை நிறுத்திவிடுவார். "தேவர்களையே பெரட்டுக்கு நிக்க வெச்சுட்டான் பாருய்யா" என்பார். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுப்பு. இருட்டோடு அதற்கு நின்று, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணம் ஒவ்வொன்றிலும் ரப்பர் பால் எடுத்து, வாளி சுமந்து காய்த்துப்போன தோள் அவருடையது. மீன் கூடை எப்படிக் கனக்கும் என்று அவருக்குத் தெரியும்.

தோட்டத்துக் கோயிலில் சூரசம்ஹாரத்தன்று சூரன் வண்டியைத் தள்ளுவது என் அப்பா. காகிதக் கூழில் செய்த தலைகளை ஒவ்வொன்றாக மாட்டுவார். முதலில் சூரனின் தம்பி தாரகனுக்கு யானைமுகம், அப்புறம் இன்னொரு தம்பி சிங்கமுகன், கடைசியில் பெரிய மீசையோடு சூரன். ஒரு வருஷம் சரியான மழை. மீசைக் கறுப்பு கரைந்து கன்னத்தில் கோடு கோடாக வழிந்தது. "சூரன் அழுவுறான்" என்று என் தங்கை அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் சூரன் மாமரமாக மாறியதற்கு அடையாளமாக மாங்கிளை வந்தது, வேல் பட்டு இரண்டானது. பாட்டி, தான் வளர்த்த சேவலை நனையாமல் முந்தானைக்குள் வைத்திருந்து அப்போதுதான் விட்டார்.

அந்தச் சேவலை எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், யாரும் அறுக்கவே இல்லை. பெரட்டு மணிக்கு முன்னாலேயே கூவும். "முருகன் கொடி கூப்பிடுது, எந்திரிங்க" என்பார் பாட்டி.

சூரன் சாகவில்லை, நேயர்களே. வேலால் பிளந்தவன் மயிலும் சேவலுமாகி மறுபடி சீறி வந்தான். முருகன் அருளோடு பார்த்தார், அவ்வளவுதான், அடங்கிவிட்டான். இன்னொன்று. அதுவரை போரில் முருகனுக்கு மயிலாக இருந்தது இந்திரன், சேவற்கொடியாக இருந்தது அக்கினி. சண்டை முடிந்ததும் அந்த இரண்டு இடமும் சூரனுக்குப் போனது. எதிர்த்து நின்ற பங்காளிக்கு! சாகவில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

இந்திரன் சீர்காழியில் மூங்கிலாய் மறைந்திருந்தது, மகன் சயந்தன் சிறை மீண்டது, தெய்வயானை திருமணம் எல்லாம் குறித்து வைத்திருந்தேன். நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள்.

சரி, சஷ்டியன்று கோயிலுக்குப் போகிறவர்கள் மாங்கிளை பிளந்ததும் கார் எடுக்க ஓடாதீர்கள். சேவல் விடும்வரை நில்லுங்கள். வணக்கம்.