தெரியாததற்கு நூறு புள்ளி

வணக்கம் நேயர்களே. எஸ்.ஈ.லினக்ஸ் என்ற காவல்காரரைப் பற்றியும், அவர் வழிமறிக்கும்போது நமக்குப் புத்தி சொல்ல வருகிற செட்ரபிள்ஷூட் என்ற கருவியைப் பற்றியும் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன்.

எஸ்.ஈ.லினக்ஸ், அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட்ட, லினக்ஸ் கணினிகளுக்கான ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. ரெட் ஹாட், ஃபெடோரா, அல்மா, ராக்கி போன்ற லினக்ஸ்களில் கூடவே வரும். உபுண்டுவோடு பழகியவர்கள் இதை அதிகம் கண்டிருக்க மாட்டார்கள்; அங்கே அந்த வேலையை அப்ஆர்மர் பார்க்கிறது. ஆனால் நீங்கள் இந்த உரையை அன்ட்ரொயிட் போனில் கேட்டுக்கொண்டிருந்தால், அதற்குள்ளும் இதே காவல்தான்.

யுத்த நாட்களில் வடக்கிலிருந்து கொழும்புக்குப் போவதென்றால் அடையாள அட்டை மட்டும் போதாது, கிளியரன்ஸ் என்ற பயண அனுமதியும் எடுக்க வேண்டும். அந்தக் கதைதான் இதுவும். கோப்பு யாருடையது, யார் வாசிக்கலாம் என்ற வழக்கமான அனுமதி எல்லாம் சரியாக இருந்தாலும், அது எந்த வகைக் கோப்பு என்று சொல்லி அதில் ஒட்டியிருக்கும் லேபிளை எஸ்.ஈ.லினக்ஸ் இன்னொரு முறை பார்க்கும். லேபிள் பொருந்தாவிட்டால் உள்ளே விடாது.

ஒரு சனசமூக நிலையத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிற பெடியன் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு விழாப் படங்களைத் தன் ஹோம் கோப்புறையில் இறக்கி, அங்கிருந்து எம்வி கட்டளையால் வெப் சேர்வரின் கோப்புறைக்கு நகர்த்துகிறார். பிரவுசரைத் திறந்தால் 403, அதாவது அனுமதி இல்லை. நகர்த்தும்போது பழைய லேபிளும் கூடவே வந்துவிடும்; சிபி போட்டுப் பிரதி எடுத்திருந்தால் புது இடத்தின் லேபிள் கிடைத்திருக்கும். அவர் உடனே, வழக்கமான அனுமதி முழுவதையும் எல்லோருக்கும் கொடுக்கும் சிஎச்மொட் 777 போடுவார். முதல் வாசலைத்தான் அது அகலத் திறக்கும். அவரை மறித்தது இரண்டாவது வாசல்.

இந்த இடத்தில் கைகொடுக்க வருவதுதான் செட்ரபிள்ஷூட். 2006-இல் ஃபெடோரா கோர் 6-உடன் வந்தது. மறிப்புகளைக் கணினி எழுதிவைக்கும் ஆடிட் பதிவுகளை வாசித்து, எது மறிக்கப்பட்டது, என்ன செய்யலாம் என்று சாதாரண வாக்கியங்களில் சொல்லும். மேலே சொன்ன சிக்கலுக்கு அது சொல்லும் மருந்து, லேபிளை அந்த இடத்துக்கு உரியதாக மாற்றும் ரீஸ்டோர்கொன் என்ற ஒரே கட்டளை. பக்கத்தில் நம்பிக்கை என்று தொண்ணூறுக்கு மேல் ஓர் எண் போட்டிருக்கும். கட்டளையைப் போட்டால் படங்கள் வந்துவிடும். நல்ல ஆலோசனை, குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, அதே படங்களை எஸ்ஆர்வி கோப்புறைக்குள் 'விழா' என்று புதிதாக ஒன்று உருவாக்கிப் பிரதி எடுத்து வைத்தால்? இப்போது ரீஸ்டோர்கொன் ஒன்றையும் மாற்றாது. ஏனென்றால் பொலிசியின், அதாவது எஸ்.ஈ.லினக்ஸின் விதித்தொகுப்பின், கணக்கில் அந்த லேபிள் சரியானதுதான். அது வெப் படங்களுக்கான இடம் என்று யாரும் பொலிசிக்குச் சொல்லவில்லை. இந்த நேரத்தில் கருவி ஒரு நீண்ட பட்டியலை நீட்டி, கோப்பு வகைகளில் ஒன்றைத் தெரிவுசெய் என்கிறது. டசின் கணக்கில் பெயர்கள். எதை எடுப்பது என்று புதிதாக வருபவருக்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு, பல வேளைகளில் கட்டளையில் முழுப் பாதை இருக்காது, கோப்பின் பெயர் மட்டும் இருக்கும். மறித்த பதிவில் லினக்ஸின் மையமான கேர்னல் பெரும்பாலும் பெயரையும், டிஸ்க்கில் கோப்பைக் குறிக்கும் ஐனோட் எண்ணையும்தான் எழுதுகிறது. அதை அப்படியே எடுத்துப் போட்டால் வேலை செய்யாது.

அப்புறம் கடைசி ஆலோசனை: ஆடிட்-டு-அலவ். மறிக்கப்பட்டதை வாசித்து, அதற்கு அனுமதி கொடுத்துப் பொலிசியோடு சேரும் ஒரு மொடியூலை அதுவே எழுதித் தரும். பிரதி எடுத்து ஒட்டினால் போதும், இரண்டு வரி. பட்டியலைப் பார்த்துக் களைத்தவர் இதைத்தான் எடுப்பார். ஆனால் அந்த அனுமதி 'விழா' கோப்புறையோடு நிற்காது. அதே லேபிள் உள்ள எல்லாக் கோப்புகளையும் வெப் சேர்வர் வாசிக்கலாம் என்றாகிவிடும்.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது அந்த நம்பிக்கை எண். கருவிக்குள் ஒவ்வொரு ஆலோசனையையும் தருவது பிளகின் என்ற ஒரு சின்ன நிரல். ஒவ்வொரு பிளகினுக்கும் ஒரு முன்னுரிமை உண்டு. பொருந்திய பிளகின்களின் முன்னுரிமைகளைக் கூட்டி, அதில் ஒவ்வொன்றின் பங்கையே சதவீதமாகக் காட்டுகிறார்கள். வேறெதுவும் பொருந்தாவிட்டால், எதற்கும் பொருந்தும்படி எல்லாவற்றுக்கும் கடைசியில் நிற்கும் கேச்-ஓல் பிளகின் தனியே நூறை வாங்கிக்கொள்கிறது. அதாவது கருவிக்கு ஒன்றுமே தெரியாதபோதுதான் 'நம்பிக்கை 100' என்று திரையில் வருகிறது! அந்தக் கேச்-ஓல் சொல்வதும் ஆடிட்-டு-அலவ்தான்.

இதைத் திருத்த பெரிய மூளை வேண்டாம். பொருத்தமான ஆலோசனை கிடைக்காத இடத்தில் எண்ணை எடுத்துவிட்டு, 'இதற்குக் காரணம் தெரியவில்லை' என்று எழுதட்டும். பட்டியலை நீட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கட்டும்: இந்தக் கோப்புறை வெப் பக்கங்களுக்கா? ஆம் என்றால், அந்த இடத்துக்கு எந்த லேபிள் என்று பொலிசிக்குச் சொல்லும் செமனேஜ் கட்டளையை முழுப் பாதையோடு நிரப்பி, அதன் கீழே ரீஸ்டோர்கொன்னையும் போட்டுத் தரட்டும். இந்தக் கோப்புறையை வெப் கோப்புறை மாதிரியே நடத்து என்று ஒரே வரியில் சொல்லும் வசதியும் செமனேஜில் இருக்கிறது. அதை ஏன் யாரும் முன்னால் வைப்பதில்லை என்பது எனக்குப் புரியாத ஒன்று. மொடியூல் வழி கடைசியில் இருக்கட்டும், எந்த லேபிள் முழுவதும் திறக்கும் என்ற எச்சரிக்கையோடு.

இப்போது பலர் இந்தக் கருவியை விட்டுவிட்டு ஏஐ அரட்டைப் பெட்டியிடம் கேட்கிறார்கள். அதற்கும் நான் வைக்கும் சோதனை இதுதான்: லேபிள் என்ன, கோப்பு எங்கே இருக்கிறது என்று அது உங்களிடம் கேட்டதா? கேட்காமலே காவலை நிறுத்தச் சொன்னால் அந்தப் பதிலை விட்டுவிடுங்கள். முழுதாக நிறுத்திய காலத்தில் உருவாகும் கோப்புகளுக்கு லேபிளே இருக்காது. பிறகு திரும்பப் போடும்போது முழு டிஸ்க்குக்கும் லேபிள் ஒட்ட வேண்டிவரும்.

பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு விஷயம். செட்ரபிள்ஷூட்டின் பிளகின்கள் பைதனில் எழுதப்பட்ட சின்னச் சின்னக் கோப்புகள், மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. முதலில் கேச்-ஓல் கோப்பைத் திறந்து வாசியுங்கள்.